டிகிரி ஏலம்

சூப்பர் கண்டக்டர் என்ற சொல் நம் தினசரிகளில் எப்போது தலைகாட்டினாலும் கூடவே ஒரு ரயில் படமும் வந்துவிடும். தண்டவாளத்தைத் தொடாமல் மிதந்து போகிற ரயில். படத்துக்குக் கீழே ஓர் எண். இத்தனை டிகிரியில் மின்தடை பூஜ்யம், போன தடவை அத்தனை, இந்தத் தடவை இத்தனை என்று ஊர்ப் புளியமரத்தைக் குத்தகைக்கு ஏலம் விடுகிற மாதிரி. படிக்கிறவரும் ‘ஓஹோ’ என்று சொல்லிவிட்டு ராசிபலனுக்குப் போய்விடுகிறார்.

இந்தப் பழக்கத்தின் மேல் எனக்கு நெடுநாள் கோபம். முப்பத்திரண்டு வருஷம் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன் என்பதால் இந்தக் கோபத்துக்கு எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

முதலில் அந்த ரயிலை ஓரங்கட்டிவிடுகிறேன். நான் பார்த்த படங்களில் பாதி ஷாங்காய் ரயில். அதில் சூப்பர் கண்டக்டரே கிடையாது, சாதாரண மின்காந்தம். ஜப்பானில் 2015 ஏப்ரலில் மணிக்கு 603 கிலோமீட்டர் ஓடிக் காட்டிய வண்டியில் சூப்பர் கண்டக்டர் உண்டு. ஆனால் அது நியோபியம்-டைட்டானியம் என்ற பழைய உலோகக் கலவை; திரவ ஹீலியத்தில் குளிப்பாட்டி வைத்திருக்கிறார்கள். நாம் முட்டிவலிக்கும் முதுகுவலிக்கும் போய்ப் படுத்துவிட்டு வருகிற எம்.ஆர்.ஐ. குழாயைச் சுற்றி இருப்பதும் அதே கலவைதான். ‘உயர்வெப்பநிலை மீக்கடத்தி’ என்று தலைப்புப் போட்டுவிட்டு இந்தப் படங்களை ஒட்டுவது, கத்தரிக்காய் சாகுபடி பற்றி எழுதிவிட்டு முருங்கைக்காய் படம் போடுகிற வேலை.

ஏலம் நடந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1911-ல் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் காமர்லிங் ஆன்னஸ் பாதரசத்தைக் குளிரவைத்தார். சுமார் 4.2 கெல்வினில் அதன் மின்தடை மறைந்தது. பூஜ்யம் கெல்வின் என்பது மைனஸ் 273 டிகிரி செல்சியஸ் என்று ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும். அடுத்த அறுபது வருஷம் இந்த எண் ஊர்ந்து ஊர்ந்து 1973-ல் 23 கெல்வினைத் தொட்டது. 1986-ல் சூரிச்சுக்குப் பக்கத்தில் ஐ.பி.எம். ஆய்வகத்தில் பெட்நோர்ஸ், முல்லர் என்ற இருவர் லாந்தனம், பேரியம், செம்பு, ஆக்சிஜன் கலந்த ஒரு பீங்கான் வகையில் முப்பதைத் தாண்டிக் காட்டினார்கள். அடுத்த வருஷமே நோபல் பரிசு. 1987 தொடக்கத்தில் ஹூஸ்டனில் பால் சூவும் அலபாமாவில் மா-குவென் வூவும் லாந்தனத்துக்குப் பதில் இட்ரியம் போட்டு 93 கெல்வின் கொண்டுவந்தார்கள். திரவ நைட்ரஜன் 77 கெல்வினில் கொதிக்கும். ஆகவே விலை கூடிய ஹீலியம் இல்லாமலே வேலை நடக்கும் என்றாயிற்று. அந்த மார்ச் 18-ம் தேதி நியூயார்க்கில் ஒரு ஹோட்டலில் கூடிய இயற்பியலாளர்கள் விடிய விடியப் பேசினார்கள். 1993-ல் பாதரசம் கலந்த செப்பு ஆக்சைடில் 133 கெல்வின். அடுத்த முப்பது வருஷம் சாதாரண அழுத்தத்தில் அதைப் பெரிதாகத் தாண்டி உறுதியான எண் எதுவும் வரவில்லை.

ஏலம் நின்றதும் பத்திரிகைக்காரர்கள் கலைந்து போனார்கள். மறுபடி கூட்டம் கூடியது 2023 ஜூலையில். தென்கொரியாவிலிருந்து எல்.கே.-99 என்று ஒரு பொருள். சாதாரண அறை வெப்பத்தில், சாதாரண அழுத்தத்தில் சூப்பர் கண்டக்டர் என்றார்கள். காந்தத்தின் மேல் அரைகுறையாக எழும்பி நிற்கும் ஒரு கறுப்புத் துணுக்கின் வீடியோ என் போனுக்கு மட்டும் பதினோரு பேரிடமிருந்து வந்தது. ஆகஸ்ட் பாதிக்குள் கதை முடிந்தது. டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் செய்து பார்த்தபோதும் ஒன்றும் இல்லை. 104 டிகிரி செல்சியஸ் வாக்கில் தடை சரிந்ததற்குக் காரணம், அதில் கலப்படமாகக் கிடந்த செப்பு சல்பைடு தன் உருவம் மாறுவது. வீடியோ அனுப்பிய பதினோரு பேரில் ஒருவர்கூட இதை எனக்கு அனுப்பவில்லை.

வ.உ.சி. மைதானத்தில் என்னோடு காலை நடை வருகிற ஓய்வு பெற்ற இன்ஜினியர் ஒருவர் இருக்கிறார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். அவர் தீர்ப்பே எழுதிவிட்டார். “சார், மொத்தமும் டூப்பு. 86-லேருந்து சொல்லுதான். நாப்பது வருசம் ஆகப்போவுது. ஏன் வேலை செய்யுதுன்னு ஒருத்தனுக்கும் தெரியல. ரயிலும் வரல. இதுக்கு எவ்வளவு பணம் கொட்டியிருப்பான்?”

அண்ணாச்சி படித்த மனிதர். அவரை இப்படிப் பேச வைத்தது யார் என்பதுதான் என் கேள்வி. டிகிரியை மட்டும் காட்டி ஒரு தலைமுறையை வளர்த்தால், டிகிரி ஏறாதபோது அவர்கள் ஏமாந்துதான் போவார்கள். 1986-ல் உண்மையாகவே அதிர்ச்சி தந்த சங்கதி வேறு. அதைப் பற்றி ஒரு வரி எந்தப் பேப்பரிலும் நான் பார்க்கவில்லை. அந்தப் பொருள்களுக்குள் எலக்ட்ரான்கள் எப்படிக் குடியிருக்கின்றன என்பதுதான் அந்தச் சங்கதி.

மார்கழிக் கோலத்துக்கு நேர்ப்புள்ளி வைப்பார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு செம்பு அணு. ஒரு புள்ளியிலிருந்து பக்கத்துப் புள்ளிக்குப் போகும் கோட்டின் நடுவில் ஓர் ஆக்சிஜன் அணு. இந்தச் செம்பு-ஆக்சிஜன் கோலம்தான் இந்தப் பொருள்கள் எல்லாவற்றுக்கும் பொது. கோலத்துக்கு மேலும் கீழும் லாந்தனமோ பேரியமோ பிஸ்மத்தோ பாதரசமோ வேறு அணுக்களின் அடுக்கு. அதன் மேல் மறுபடி ஒரு கோலம். டிபன் கேரியர் மாதிரி அடுக்கடுக்காகப் போகிறது. மின்சாரம் கோலத்தின் தளத்திலே ஓடும். ஓர் அடுக்கிலிருந்து இன்னோர் அடுக்குக்கு ஏறி இறங்கத் திணறும். பிஸ்மத் கலந்த வகையில் இந்த இரண்டு திசைக்கும் தடை வித்தியாசம் லட்சம் மடங்கு வரை போகும். அந்தப் படிகத்தை மைக்கா மாதிரி ஏடு ஏடாக உரிக்கவும் முடியும். 2008-ல் ஜப்பானில் ஹோசோனோ குழு கண்டுபிடித்த இரும்பு வகையும் அடுக்குதான், 2019-ல் ஸ்டான்ஃபோர்டில் வந்த நிக்கல் வகையும் அடுக்குதான். ஆகவே அடுக்கு என்பதில் ஏதோ இருக்கிறது.

இப்போது எலக்ட்ரான் கணக்கு. லாந்தனம் இரண்டு, செம்பு ஒன்று, ஆக்சிஜன் நான்கு சேர்ந்த தாய்ப்பொருளை எடுத்துக்கொள்வோம். செம்புக்கு மொத்தம் 29 எலக்ட்ரான். இந்தக் கூட்டில் அது இரண்டைத் தானம் செய்துவிடும். வெளியே இருக்கும் டி-கூட்டில் பத்து இடம், ஆள் ஒன்பது. நான்கு ஜோடி போக ஒன்று தனி ஆள். அதாவது ஒவ்வொரு கோலப்புள்ளியிலும் ஜோடி இல்லாத ஓர் எலக்ட்ரான்.

நாங்கள் படித்ததும் படிப்பித்ததும் ஆற்றல் பட்டைக் கொள்கை. அதன்படி எலக்ட்ரான்கள் ஒன்றை ஒன்று சட்டை செய்யாமல் படிகம் முழுக்க உலவும். பட்டை நிரம்பியிருந்தால் காப்பான், பாதி நிரம்பியிருந்தால் உலோகம். இங்கே பட்டை சரியாகப் பாதி. ஆகவே லாந்தனம் செப்பு ஆக்சைடு நல்ல உலோகமாக இருக்க வேண்டும். 1987-ல் கணிப்பொறியில் போட்ட பட்டைக் கணக்குகளும் உலோகம் என்றே விடை சொல்லின.

பொருளைக் கையில் எடுத்து அளந்தால் அது காப்பான். ஓர் எலக்ட்ரானை அசைக்கவே சுமார் இரண்டு எலக்ட்ரான்-வோல்ட் ஆற்றல் கேட்கிறது. விடை ஏதோ கொஞ்சம் பிசகிவிட்டது என்று சமாளிக்க வழியில்லை. கொள்கை ‘ஆம்’ என்ற இடத்தில் இயற்கை ‘இல்லை’ என்கிறது.

காரணம் கஷ்டமானது இல்லை. பிளாஸ்டிக் சட்டத்துக்குள் ஒன்று முதல் பதினைந்து வரை எண் போட்ட கட்டைகளை நகர்த்தி வரிசைப்படுத்தும் விளையாட்டுச் சாமான் ஒன்று உண்டே, திருவிழாக் கடைகளில் விற்பார்களே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். பதினாறு இடம், பதினைந்து கட்டை. அந்த ஒரு காலி இடம் இருப்பதால்தான் கட்டைகள் நகரும். அங்கேயும் ஒரு கட்டையைச் செருகிவிட்டால் என்ன ஆகும்? எதுவும் அசையாது. லாந்தனம் செப்பு ஆக்சைடு அந்த நிலையில் இருக்கிறது. ஒவ்வொரு செம்பிலும் ஓர் எலக்ட்ரான் உட்கார்ந்திருக்கிறது. பக்கத்து இடத்துக்குப் போகவேண்டும் என்றால் அங்கே ஏற்கனவே இருப்பவனோடு நெருக்கி உட்காரவேண்டும். இரண்டும் எதிர்மின்னூட்டம், ஒன்றை ஒன்று தள்ளும். நகர்வதால் மிச்சமாகும் ஆற்றலைப்போலப் பல மடங்கு அந்தத் தள்ளுதலுக்குச் செலவாகும். அதனால் அவரவர் இடத்தில் அவரவர்.

இது 1986-ல் புதிதாகத் தெரிந்த விஷயமும் அல்ல. 1937-லேயே நிக்கல் ஆக்சைடு இதே மாதிரி கணக்கை மீறிக் காப்பானாக இருக்கிறது என்று பிரிஸ்டலில் ஒரு கூட்டத்தில் எடுத்துச் சொன்னார்கள். நெவில் மாட் அதைப் பிடித்துக்கொண்டார். அவர் பெயராலேயே இவற்றுக்கு மாட் காப்பான் என்று பெயர். 1963-ல் ஹப்பர்டு இதை ஒரு போஸ்ட் கார்டில் எழுதிவிடக்கூடிய அளவுக்குச் சின்னச் சமன்பாடாக்கினார். இரண்டே சங்கதி: பக்கத்து இடத்துக்குத் தாவுதல் ஒன்று, ஒரே இடத்தில் இருவர் உட்கார்ந்தால் தண்டனை ஒன்று. எழுதுவது சுலபம். கோலத் தளத்தில் அதற்கு முழு விடை காண்பதில் உலகத்தின் பெரிய மூளைகள் இன்றைக்கும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கின்றன.

பி.எஸ்சி. முடித்து எம்.எஸ்சி.யும் முடித்து வெளியே போகிற பிள்ளைக்கு மாட் காப்பான் என்ற பெயரே தெரியாது. நான் நடத்திய காலத்தில் கையில் இருந்த புத்தகங்களில் பட்டைக் கொள்கை இருபது பக்கம். அது எங்கே தோற்கிறது என்பதற்கு ஒரு பத்திகூட இல்லை. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டக் கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஆறு மணி நேரப் பாடமாக மாட் காப்பானையும் செப்பு ஆக்சைடின் எலக்ட்ரான் அமைப்பையும் சேர்க்கலாம் என்று ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். அதைப் படித்தவர் கேட்ட ஒரே கேள்வி: “இதிலேர்ந்து அஞ்சு மார்க் கேள்வி வருமா, பத்து மார்க் கேள்வி வருமா?” கடைசியில் சேர்ந்தது ‘மீக்கடத்திகளின் பயன்கள்’ என்ற தலைப்பு. முதல் பயன் என்ன என்று நான் சொல்லவேண்டியதில்லை. மிதக்கும் ரயில். தேநீரும் வடையும் நன்றாக இருந்தன என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

ஒரு கொள்கையின் எல்லையைச் சொல்லாமல் கொள்கையை மட்டும் சொல்லிக்கொடுப்பது, பாலம் எத்தனை டன் தாங்கும் என்ற பலகையைக் கழற்றிவிட்டு லாரியை அனுப்புவது போல. எல்.கே.-99 விஷயத்தையே பாருங்கள். ஈயம், பாஸ்பேட் கலந்த ஒரு பொருளில் சில ஈய அணுக்களுக்குப் பதில் செம்பு. மறுபடியும் அதே செம்பு, அதே ஒன்பது எலக்ட்ரான், அதே தனி ஆள். அவசர அவசரமாகப் போட்ட பட்டைக் கணக்கில் மிகக் குறுகலான ஒரு பட்டை பாதி நிரம்பி நிற்பதாக விடை வந்தது. உடனே உலகமே ‘கோட்பாடும் ஆமோதித்துவிட்டது’ என்று குதித்தது. மாட் பாடத்தை ஒரு மணி நேரம் கேட்டிருந்த பிள்ளைகூட அங்கே ஒரு கேள்வி கேட்டிருக்கும்: பட்டை இவ்வளவு குறுகல் என்றால் எலக்ட்ரான் தாவுவதே அபூர்வம், தள்ளுதலோ பெரிது, அப்படியானால் இது காப்பானாக அல்லவா இருக்கவேண்டும்? ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் அந்தப் பொருளைக் கலப்படம் இல்லாமல் படிகமாக வளர்த்துப் பார்த்தார்கள். ஊதா நிறத்தில், ஒளி ஊடுருவும் கல். சுத்தக் காப்பான். என் போனுக்கு வீடியோ அனுப்பிய பதினோரு பேரில் மூன்று பேர் இயற்பியல் பட்டதாரிகள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்காதவர்களைச் சொல்லுவேன்.

தாய்ப்பொருளில் இன்னொரு அழகு உண்டு. எலக்ட்ரான்கள் இடம்விட்டு இடம் போகமுடியாதே தவிர அவற்றுக்குத் தற்சுழற்சி இருக்கிறது, மேல்நோக்கி அல்லது கீழ்நோக்கி. பக்கத்து வீட்டுத் திண்ணையில் ஒரு கணம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி ஓடி வரலாம். ஆனால் ஒரே சுழற்சி உள்ள இருவர் ஒரே இடத்தில் இருக்கக்கூடாது என்பது பௌலி விதி. ஆகவே எதிர்ச் சுழற்சிக்காரர் வீட்டுத் திண்ணைக்கு மட்டும்தான் இந்தச் சலுகை. அந்தச் சலுகையால் ஆற்றல் கொஞ்சம் மிச்சம். விளைவு, சதுரங்கப் பலகையில் கறுப்பு வெள்ளை மாதிரி மேல், கீழ், மேல், கீழ் என்று கோலம் முழுக்க ஒழுங்கு. நியூட்ரான்களை மோதவிட்டு 1987-லேயே இதைப் பார்த்துவிட்டார்கள். சுத்தமான பொருளில் இந்த ஒழுங்கு சுமார் 320 கெல்வின் வரை நிற்கும். அதாவது 47 டிகிரி செல்சியஸ். பாளையங்கோட்டை மே மாத வெயிலுக்கும் குலையாது.

இனி லாந்தனத்தில் கொஞ்சத்தை எடுத்துவிட்டு ஸ்ட்ரான்ஷியம் போடுங்கள். அதற்கு எலக்ட்ரான் தானம் ஒன்று குறைவு. அந்தக் குறைவு கோலத்தில் துளையாக வந்து சேரும். விளையாட்டுச் சாமானில் ஒரு கட்டையை உருவியாயிற்று. கட்டைகள் நகரத் தொடங்கும். நூற்றுக்கு இரண்டு துளை போட்டாலே சதுரங்க ஒழுங்கு சிதைந்துவிடும். ஐந்து, ஆறு வந்ததும் மீக்கடத்தல் தலைகாட்டும். பதினாறு வாக்கில் உச்சம். இருபத்தேழு வாக்கில் அடங்கிப்போகும். துளைகள் அதற்கும் மேலே பெருகினால் அது சாதாரண உலோகம். நம் பழைய பட்டைப் பாடம் அங்கே ஓரளவு சரியாக வரும். உப்பு மாதிரி இது. குறைந்தாலும் ஆகாது, கூடினாலும் ஆகாது. இட்ரியம் வகையில் ஸ்ட்ரான்ஷியம்கூட வேண்டாம். ஆக்சிஜன் ஓடவிட்டுச் சூடாக்கி மெதுவாக ஆறவைத்தால் ஆக்சிஜன் அணுக்கள் உள்ளே புகுந்து துளை போட்டுக்கொடுக்கும்.

எலக்ட்ரான்கள் ஜோடி சேர்ந்தால்தான் மீக்கடத்தல். 1957-ல் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் சொன்ன அந்த ஜோடி இங்கேயும் உண்டு. 1987-லேயே அளந்து பார்த்துவிட்டார்கள். ஆனால் பாதரசத்தில் அணுக்களின் அதிர்வு இடையில் தரகு செய்து ஜோடி சேர்க்கிறது. இங்கே தரகர் யார்? ஒன்றை ஒன்று இவ்வளவு வெறுக்கும் எலக்ட்ரான்கள் எப்படிக் கூடின?

இந்தக் கேள்வியில் நம் ஊர்க்காரர் ஒருவர் வருகிறார். 1987 ஜனவரியில் பெங்களூரில் ஒரு சர்வதேச மாநாடு. பிலிப் ஆண்டர்சன் அங்கே வந்து தன் எண்ணத்தைப் பேசினார். நம் காலத்துப் பி.யு.சி. வேதியியலில் பென்சீன் வளையம் படித்தோமே, ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் இடம் மாறி மாறி ஒத்திசைகின்றன என்று பாலிங் சொன்னது, அதே மாதிரி கோலத்தில் பக்கத்துப் பக்கத்து எலக்ட்ரான்கள் எதிர்ச்சுழற்சி ஜோடிகளாகக் கைகோத்து, கைகளை மாற்றிக்கொண்டே இருக்கின்றன என்பது அவர் படம். அப்படியானால் காப்பானுக்குள்ளேயே ஜோடிகள் தயார். நகர இடம் இல்லாததுதான் குறை. துளை போட்டு இடம் கொடுத்தால் அந்த ஜோடிகளே தடையில்லாமல் ஓடும். அந்த எண்ணத்தைக் கணக்காக்கிய முதல் கட்டுரை அதே 1987-ல் வந்தது. எழுதியவர்கள் பாஸ்கரன், ஸோ, ஆண்டர்சன். முதலில் நிற்கும் கணபதி பாஸ்கரன் சென்னை தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர். சூரிச்சில் கண்டுபிடிப்பு வருவதற்கு முன்பே இந்த அடுக்கு ஆக்சைடுகளின் காந்தக் குணத்தைப் பற்றி பெங்களூரிலிருந்து கங்குலியும் சி.என்.ஆர். ராவும் எழுதியிருக்கிறார்கள். மிதக்கும் ரயிலுக்குக் கொடுத்த இடத்தில் கால்வாசியை இவர்களுக்குக் கொடுத்திருந்தால் எத்தனை பிள்ளைகள் தரமணிக்குப் பஸ் ஏறியிருப்பார்கள்?

பாஸ்கரன் பெயரைச் சொன்னதால் அந்தக் கொள்கைதான் முடிவு என்று நான் கட்சி கட்டவில்லை. சுத்தமான தாய்ப்பொருளில் சதுரங்க ஒழுங்குதான் ஜெயித்தது, கைமாற்றும் ஜோடிகள் அல்ல. துளை போட்ட பிறகுதான் அந்தப் படத்துக்கு வேலை. சுழற்சிகளின் ஏற்ற இறக்கமே தரகர் என்று வேறொரு கட்சியும் உண்டு. ஆனால் இரண்டு கட்சியும் ஒரே ஜாடையைச் சுட்டின. ஜோடியின் உருவம் நாலு இதழ்ப் பூ மாதிரி இருக்கவேண்டும். எதிரெதிர் இதழ்களுக்கு ஒரே குறி, அடுத்தடுத்த இதழ்களுக்கு எதிர்க்குறி. மூலைவிட்டத் திசையில் பூஜ்யம். இதற்கு டி-அலை என்று பெயர். இந்த உருவத்தில் இருவரும் ஒரே செம்பில் உட்காரவே மாட்டார்கள். தள்ளுதலுக்குப் பணிந்துகொண்டே ஜோடி சேர்கிற தந்திரம் அது. சுழற்சிக் கட்சி செப்பு ஆக்சைடு வருவதற்கு முன்பே, 1986-ல், இந்த வடிவத்தை எழுதிவிட்டது. ஜோடிக் கட்சிக்கணக்கில் 1988-ல் வந்தது. அளந்து உறுதி செய்தது 1993-லும் 1994-லும். ஒளியால் எலக்ட்ரானைத் தட்டி வெளியே எடுத்து அதன் திசையைப் பார்த்தார்கள் ஸ்டான்ஃபோர்டில். மூன்று படிகத் துண்டுகளைத் திசைமாற்றி ஒட்டி அதன் மேல் ஒரு வளையம் செய்து, அதில் காந்தப்பாயம் தானாகவே அரை அலகு நிற்பதைக் காட்டினார்கள் ஐ.பி.எம்.மில் ஸூயும் கர்ட்லியும். அந்த அரை அலகு எதிர்க்குறி இதழின் கைநாட்டு.

ஆகவே அண்ணாச்சி, “ஒருத்தனுக்கும் ஒண்ணும் தெரியல” என்பது பொய். எது நகர்கிறது என்று தெரியும், எந்தத் தளத்தில் என்று தெரியும், ஜோடியின் உருவம் தெரியும், அது அதிர்வுத் தரகால் மட்டும் வந்ததல்ல என்பதும் பெரும்பாலோர் ஒத்துக்கொண்ட விஷயம். தெரியாததும் இருக்கிறது, அதை மறைக்கவேண்டாம். துளை குறைவாக இருக்கும் பக்கத்தில், மீக்கடத்தல் தொடங்கும் வெப்பநிலைக்கு மேலேயே எலக்ட்ரான்களில் ஒரு பகுதி காணாமல் போனதுபோல ஓர் இடைவெளி தெரிகிறது. 1989 முதல் பார்க்கிறார்கள்; அது எதனால் என்பதில் இன்னும் சண்டை. உச்சத்துக்கு மேலே உள்ள நிலையில் மின்தடை வெப்பநிலையோடு ஒரே நேர்கோட்டில் ஏறிக்கொண்டே போகிறது. சாதாரண உலோகம் அப்படி நடந்துகொள்ளாது. இவை இரண்டும் பெரிய மர்மங்கள்தான். ஹப்பர்டு சமன்பாட்டுக்குக் கணிப்பொறி விடை மெல்ல மெல்ல வருகிறது. 2024-ல் வந்த ஒரு பெரிய கணக்கு, தூரத்துப் புள்ளிக்குத் தாவுதலையும் சேர்த்தால் அந்தச் சின்னச் சமன்பாட்டிலேயே டி-அலை மீக்கடத்தல் இருக்கிறது என்று காட்டியது.

இன்னொரு கணக்கு. பாதரசத்தில் கண்டது 1911, காரணம் சொன்னது 1957. நாற்பத்தாறு வருஷம். பாதரசம் எவ்வளவு எளிய பொருள்! அந்த நாற்பத்தாறு வருஷத்தில் அதை டூப்பு என்று யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. செப்பு ஆக்சைடுக்கு அதே தவணை கொடுத்தால் 2032 வரை நேரம் இருக்கிறது.

பணத்துக்குப் பலன் என்ன என்று கேட்டால் அதற்கும் பதில் இருக்கிறது, ரயிலில் இல்லை. ஜெனீவாவின் பெரிய துகள் முடுக்கிக்குள் மின்சாரத்தைக் கொண்டு இறக்கும் இணைப்புகளில் பிஸ்மத் வகை நாடாக்கள் இருக்கின்றன. ஜெர்மனியின் எஸன் நகரத்தில் 2014-ல் ஒரு கிலோமீட்டர் நீள மின்கேபிள் இதே வகையில் போட்டார்கள். 2021 செப்டம்பரில் அமெரிக்காவில், அணுக்கரு இணைவுக்கான காந்தத்தை இட்ரியம் இனத்து நாடாவால் சுற்றி 20 டெஸ்லா கொண்டுவந்தார்கள். பீங்கானை நாடாவாக்குவது எவ்வளவு பெரிய பாடு என்பதை வெண்கலப் பட்டறைக்காரர்களிடம் சொன்னால் கையெடுத்துக் கும்பிடுவார்கள்.

ஹைட்ரஜன் கூட்டுகளில் இன்னும் உயர்ந்த எண் வந்ததே என்று கேட்பீர்கள். வந்தது. 2015-ல் ஹைட்ரஜன் சல்பைடில் 203 கெல்வின். ஆனால் வளிமண்டலத்தைப்போலப் பதினைந்து லட்சம் மடங்கு அழுத்தத்தில், இரண்டு வைர முனைகளுக்கு நடுவில். அங்கே தரகர் பழைய அதிர்வுதான். எண் பெரிது; எலக்ட்ரான் கதையில் 1957-க்கு மேல் புதிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஸ்ட்ரான்ஷியம் போட்ட லாந்தனம் செப்பு ஆக்சைடில் மீக்கடத்தல் வழக்கமாகச் சுமார் 38 கெல்வின் வரைதான். எனக்கு அந்த 38 பெரிது.

பணியில் இருக்கும் இயற்பியல் ஆசிரியர்கள் நாலைந்து பேராவது இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். பாடத்திட்டம் மாறும் வரை காத்திருக்கவேண்டாம். பட்டைக் கொள்கை முடித்த மறுநாள் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். செம்பின் ஒன்பது எலக்ட்ரானைப் பலகையில் எழுதி, இது உலோகமா காப்பானா என்று கேளுங்கள். எல்லாரும் உலோகம் என்பார்கள். அதன் பிறகு அந்த நகர்த்தும் கட்டை விளையாட்டைக் கையில் எடுங்கள். இப்போது கடைகளில் அவ்வளவாகக் கிடைப்பதில்லை. என் வீட்டில் இரண்டு இருக்கிறது, பேத்தி ஒன்றில் எட்டாம் நம்பரைத் தொலைத்துவிட்டாள். நல்லதை வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.